மேட்டு மண்

அன்புள்ள அஸ்வினிக்கு,

ஜெயசீலன் எழுதுகிறேன். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. வீட்டில் எல்லோரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அவ்வளவுதான். உன் கால் வீக்கம் வடிந்ததா, சோறு இறங்குகிறதா, உள்ளே இருப்பது உதைக்கிறதா என்றெல்லாம் கேட்க ஆசைதான். அதற்கு முன் ஒன்று சொல்கிறேன், கேள். உன் தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பவுடர் டப்பா வைத்திருக்கிறாயே, அதை இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை திறக்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆமாம், எனக்குத் தெரிந்துவிட்டது. உன்மேல் கோபம் இல்லை. முதலில் இருந்தது, இப்போது இல்லை.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் உன்னிடம் நான் என்றைக்குத் தனியாகப் பேசியிருக்கிறேன்? உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, "மாப்ள, சாப்டீங்களா, இன்னா கொழம்பு?" என்று ஆரம்பித்தால் நம் பேச்சுக்கு இடம் ஏது? போன வாரம் பொம்மையார்பாளையம் வந்தேனே, அப்போதாவது ஒரு வார்த்தை பேச விட்டார்களா? உன்னைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், நான் பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அதுவும் போக, போனில் இதைச் சொன்னால் நீ கட் பண்ணிவிடுவாய். காகிதத்தைக் கட் பண்ண முடியாது. பாப்பாத்தி அக்கா கருவாடு விற்கக் கோட்டக்குப்பம் பக்கம் வரும்போது உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறது. கடிதத்தில் காரப்பொடிக் கருவாட்டு நாற்றம் அடித்தால் என்னைத் திட்டாதே.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. உன் கல்யாணப் புடவை இருக்கும் பெட்டிமேல் பூனை குட்டி போட்டிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகம், ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை. எஞ்சின் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது. உப்பளத்தில் பாத்தி மிதித்து முடித்து உப்பு வாரத் தொடங்கிவிட்டார்கள். கடலில் காற்று சரியில்லாததால் நான் முகத்துவாரத்துக்கு உள்ளே, கழித் தண்ணீரில்தான் நண்டு வலை விட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் காலேஜ் பெண் வந்தது.

பெயர் ஜான்சி. ஆராய்ச்சிப் படிப்பாம். கழியிலும் முகத்துவாரத்திலும் சேறு எடுக்க வேண்டும், போட் வேண்டும் என்று கேட்டது. நீண்ட குழாய் ஒன்றைச் சேற்றில் செங்குத்தாக இறக்கி, மேலே மூடியைத் திருகி, அப்படியே உருவி எடுக்கும். கரும்புத் துண்டு மாதிரி சேறு வரும். அதைத் துணியில் கிடத்தி அளந்து, வெட்டி, பை பையாகக் கட்டும். நான் சும்மா இருப்பேனா? "ஏம்மா, சேத்துக்கு இவ்ளோ மரியாதையா? மின்னாடியே சொல்லியிருந்தா கூடையில வாரிக் குடுத்துருப்பேனே" என்றேன். சிரித்தது. நல்ல பெண்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். ஈயம் இருக்கிறதா என்று பார்க்கவாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலைக்கு ஈயக்குண்டு கட்டுகிறவனிடம் வந்து ஈயத்தைத் தேடுகிறாயே என்றேன். குண்டைப் பல்லால் கடித்துத்தான் இறுக்குவோம் என்று பெருமையாகக் கடித்தும் காட்டினேன். அந்தப் பெண் முகம் மாறிப்போய், "அண்ணா, இனிமே அத மட்டும் பண்ணாதீங்க" என்றது. அதற்கப்புறம்தான் பொறுமையாகச் சொல்லியது.

மேலே ஆற்றோரத்தில் எங்கெங்கோ பழைய பேட்டரி உடைக்கிறார்களாம், பெயிண்ட் டிரம் கழுவுகிறார்களாம், இன்னும் என்னென்னவோ. யார் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. மழை பெய்தால் அதெல்லாம் ஆற்றில் இறங்குகிறது. "ஈயம் தனியா வராதுண்ணா. மெல்லிசான களிமண்ணப் புடிச்சிக்கினு வரும். நல்ல தண்ணியில அந்தக் களிமண்ணு மெதந்துகினே இருக்கும். உப்புத் தண்ணி பட்டதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடியில எறங்கிடும். அது எறங்கற எடம்தான் உங்க கழி." பால் திரிவதுபோலவா என்று கேட்டேன். அப்படித்தான் என்றது. அப்புறம் மக்கிப் போகாதா என்றேன். "ஈயம் மக்காதுண்ணா. எங்கயும் போவாது. சேத்துலயே உக்காந்துக்கும்" என்றது.

உனக்கு ஞாபகம் இருக்கும், முதல் மழைக்குப் பிறகு முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் செந்நிறமாக வந்து நீலத்தில் கோடு போட்டதுபோல நிற்கும். இறால் வரும் என்று நாமெல்லாம் சந்தோஷப்படுவோம். நீகூட ஒரு தடவை போட்டில் வந்து அந்தக் கோட்டில் கை வைத்து அளைந்தாய், மோதிரம் கழன்றுவிடப் போகிறது என்று நான் கத்தினேன்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கழியில் எடுத்து முடித்ததும், அந்தப் பெண் நம் மேட்டைப் பார்த்துவிட்டது. கழிக்கும் உப்பளத்துக்கும் நடுவில், சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிறதே, அந்த மேடு. புயலுக்குப் பிறகு முகத்துவாரத்தைத் தூர்வாரியபோது பொக்லைன் வைத்து அள்ளிக் கொட்டிய கருப்புச் சேறு அது. தண்ணீருக்கு அடியிலிருந்து வந்த சேறு என்பதால் அதையும் பார்க்க வேண்டும் என்று குழாயைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிட்டது. நேராக அங்கே போய் நின்றது. நீ சிப்பி அடுக்கி வைத்திருக்கிறாயே, அங்கே.

"அங்க வாணாம்மா" என்று கத்திவிட்டேன். ஏன் என்று கேட்டது. "எம்பொண்ணு இருக்கா" என்றேன். அஸ்வினி, இத்தனை நாளில் நான் அதை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உன்னிடம்கூட 'அது' என்றுதான் சொல்வேன், 'அந்த விஷயம்' என்பேன். யாரோ ஒரு பெண்ணிடம் போய் என் பொண்ணு என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, சரிவில் ஓரமாகக் கொஞ்சம் சேறு எடுத்துக்கொண்டது.

எல்லா இடத்திலும் தண்ணீர் ஏறும், அந்த மேட்டில் மட்டும் ஏறாது என்று அன்றைக்கு நான்தான் இடம் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். நீ அங்கே படுத்திருந்தாய், நானும் ஊர்க்காரர் ரெண்டு பேரும் மட்டும் வந்தோம். எட்டு மாதத்துக் குழந்தை, அழவே இல்லை, ஆனால் தலை நிறைய முடி. அவள் நனையக்கூடாது என்று ஒன்றைத்தான் நினைத்தேன்.

போன வாரம் உன்னைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் ஜான்சி போன் பண்ணியது. "கழியிலயும் இருக்குதுண்ணா. ஆனா அந்த மேட்டு மண்ணுலதான் ரொம்ப ரொம்ப ஜாஸ்தி" என்றது. கழியின் அடிமண்ணில் ஆழத்தில் ஒன்றும் இல்லையாம், பழைய காலத்துச் சேறு சுத்தமாக இருக்கிறதாம். மேலே படிந்த புதுச் சேற்றில்தான் எல்லாம். அதை அள்ளித்தான் அங்கே குவித்திருக்கிறார்கள். அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்களா, கர்ப்பமாக இருப்பவர்கள் யாராவது அந்தப் பக்கம் புழங்குகிறார்களா என்று கேட்டது. யாரும் போவதில்லை என்று நான் உறுதியாகச் சொன்னேன். சாமி சத்தியமாக யாரும் போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மத்தியானம் சோறு போடும்போது அம்மாவிடம் இதைக் கதைபோலச் சொன்னேன். அம்மா முதலில் நம்பவில்லை. "ஈயச் சொம்புல ரசம் வெக்கல? ஈயம் ஒடம்புக்கு நல்லதுதாண்டா" என்றது. அது வேறு, இது வேறு, இது விஷம் என்றேன். வயிற்றுப் பிள்ளைக்குத்தான் முதலில் ஆகாது என்று அந்தப் பெண் சொன்னதையும் சொன்னேன். அம்மா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. குழம்பு ஊற்றவில்லை.

பிறகு சொல்லியது. நீ உன் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து வாராவாரம் கொடுத்தனுப்பிக்கொண்டு இருக்கிறதாம். மேட்டிலிருந்து மண் எடுத்து, உருட்டி, நிழலில் காயவைத்து, அடுப்போரம் சூடு காட்டி, கருவாட்டுக்கு அடியில் துணியில் முடிந்து. நீ அதைப் பவுடர் டப்பாவில் போட்டுத் தலையணை ஓரம் வைத்திருப்பதும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. "வாயும் வயிறுமா இருக்கறவ ஒண்ணு கேட்டா குடுக்கணும்டா. இல்லாகாட்டி பொறக்கற கொழந்தைக்குக் காதுல சீழ் வடியும். உன்ன சொமக்கும்போது நானும்தான் கழி மண்ணத் தின்னேன். நீ நல்லாத்தான இருக்கற?" என்றது. அது சரிதான். அம்மா தின்றது ஆழத்தில் கிடக்கும் அந்தப் பழைய சேறு. பேட்டரி வருவதற்கு முந்தைய சேறு. அம்மா மறுபடியும் சொல்லியது, "போன வாரம் நீதாண்டா தூக்கிட்டுப் போன."

அந்தப் பையை நான்தான் தூக்கி வந்தேன், அஸ்வினி. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உன் கையில் கொடுத்ததும் நீ பையை மோந்து பார்த்து முகம் மலர்ந்தாயே, கருவாட்டுக்கு இவ்வளவு ஆசையா என்று உன் அம்மா எதிரில் கேலி செய்தேன். உன் உதட்டோரம் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மை என்று நினைத்துத் துடைத்துக்கொள் என்று ஜாடை காட்டினேன். நீ சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாய்.

அம்மாவை நான் கத்தக்கூடாத கத்தெல்லாம் கத்திவிட்டேன். தெருவே கேட்டிருக்கும். அம்மா திருப்பித் திட்டவில்லை. தையல்நாயகி திட்டாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா? தட்டையும் எடுக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுவரைப் பார்த்தபடியே, "அப்ப மொதப் பொண்ணு?" என்று கேட்டது. முதல் தடவையும் நீ கழி மண் தின்றாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஜான்சியிடம் கேட்டேன். அதுவும் உண்மையைத்தான் சொல்லியது. "அதனாலதான்னு சொல்ல முடியாதுண்ணா. அதனால இல்லன்னும் சொல்ல முடியாது." ஆகவே நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளாதே. அன்றைக்கு ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். உச்சி வெயிலில் தோப்புப் பக்கம் போனாள் என்றார்கள், பொழுது சாய்ந்து தலை குளித்தாள் என்றார்கள். நீ எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டாய். நானும் பக்கத்தில் நின்றேன், ஒருத்தர் வாயையும் அடைக்கவில்லை. இப்போது அவர்கள் ஒவ்வொருவரையும் இழுத்து வந்து ஆற்றைக் காட்ட வேண்டும்போல் இருக்கிறது.

மறுநாள் மேட்டுக்குப் போனேன். மேடு முழுக்க மண் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஆனால் நீ அடுக்கிய சிப்பிகளுக்கு உள்ளே மட்டும்தான் குழி இருந்தது. கையால் வாரிய குழி. விரல் பதிந்த தடம் காய்ந்து கிடந்தது. அம்மாவைக் கேட்டேன். "அவதான் சொன்னா. சிப்பிக்கு உள்ளாற எடுங்கத்தே, வேற எடம் வாணாம்னு." ஏன் என்று கேட்கவில்லையா என்றேன். "கேக்கறதுக்கு இன்னாடா இருக்குது" என்று சொல்லிவிட்டு அம்மா அழுதது. அன்றைக்குத்தான் அம்மா அவளுக்காக அழுது நான் பார்த்தேன்.

மறுபடியும் மேட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. குழந்தை போன பிறகு உனக்குப் பால் கட்டிக்கொண்டு, காய்ச்சல் அடித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடித்தாயே. பீய்ச்சிச் சுவரில் அடி என்று பெரியவர்கள் சொன்னார்கள். நீ கிண்ணத்தில் பீய்ச்சி முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு தினமும் தோப்புப் பக்கம் போவாய். எங்கே போகிறாய் என்று ஒருநாள் கேட்டதற்கு, "அவ பசியா இருப்பாங்க" என்றாய். எனக்குப் பயமாகிவிட்டது. இதை யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் சொன்னேன். கூட வந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் நீ மண் தின்னவில்லை. நீ கொடுத்ததை அவள் திருப்பிக் கொடுக்கிறாள் என்று வாங்கித் தின்றாய். அல்லது தம்பியோ தங்கையோ அவளைத் தொட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தாயா? எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தப்பாக இருந்தால் திருத்து. ஆனால் மசக்கைக்கு அந்த இடத்து மண்ணையே ஒருத்தி கேட்க மாட்டாள், அதுமட்டும் எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் சரியில்லை. கழியில் இறங்கினால் காலை யாரோ அடியில் பிடிப்பதுபோல இருக்கிறது. முன்பு அது வெறும் சேறு. உப்பளத்துப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து சேறு ஒட்டிய அந்தக் கையாலேயே சோறு தின்பதைப் பார்க்கிறேன், கை கழுவுங்கள் என்று போய்ச் சொன்னேன், பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். வலையில் வந்த நண்டைத் திருப்பிப் போட்டுவிட்டேன். நேற்று மேலே எங்கோ மழையாம், ஆற்றுத் தண்ணீர் மறுபடியும் கோடு போட்டு நிற்கிறது. அதைத் தாண்டி போட்டை விட மனம் வரவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கமே எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லாமல் வந்து, சத்தமே இல்லாமல் இறங்குகிறது. மேலே டிரம் கழுவுகிறவனுக்கு உன்னைத் தெரியாது. அவளையும் தெரியாது. அவனைத் தேடிப் போய் அடிக்கலாம் என்றால் எந்த ஊர், எந்தக் கொட்டகை என்று யாருக்கும் தெரியவில்லை. பஞ்சாயத்தில் சொல்லியிருக்கிறேன், ஜான்சியும் எழுதிக் கொடுக்கப்போகிறதாம். அது நடக்கும்போது நடக்கட்டும்.

உன் காரியம் காத்திருக்காது. நிறுத்திவிட்டால் இப்போதும் நல்லது என்று ஜான்சி அடித்துச் சொல்கிறது. டாக்டரம்மாவிடம் மறைக்காமல் மண் தின்றேன் என்று சொல்ல வேண்டும், ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும், கேட்காமல் அவர்கள் பார்க்க மாட்டார்களாம். இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் கசக்கிறது என்று சன்னல் வழியாக வீசாதே. வீசுகிறாய் என்று எனக்குத் தெரியும், உன் அம்மா வீட்டுக் கோழிகள்தான் ஊரிலேயே பலமான கோழிகள். பால் குடி. மண் ஆசை வந்தால் உன் அம்மாவிடம் சொல்லிப் பொரி வறுத்துத் தரச்சொல், இல்லை எனக்குப் போன் போடு, ஸ்பீக்கரில் போட்டாலும் சரி, நான் பாட்டுப் பாடியாவது மறக்கடிக்கிறேன். என் பாட்டைக் கேட்டால் எந்த ஆசையும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன். சொல்ல உனக்கு வெட்கமாக இருந்தால் நானே டாக்டரிடம் சொல்கிறேன். உன் அண்ணன் முறைத்தாலும், உன் அம்மா ஏதாவது கேட்டாலும், இந்தத் தடவை நான் வாசலில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்காரப்போவதில்லை.

குழியை மூடிவிட்டேன். கடற்கரையிலிருந்து வெள்ளை மணலாகக் கூடைகளில் கொண்டுபோய்க் கொட்டி, மேலே உன் சிப்பிகளை அப்படியே அடுக்கினேன். அம்மாவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து கூட அடுக்கியது. அவளை அங்கிருந்து எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். எதை எடுப்பேன்? அவள் அங்கேதான் இருப்பாள். நீ வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். அவளுக்குப் பெயர் வைக்கவில்லையே என்று நீ ஒருநாள் சொன்னாய், நான் காது கேட்காததுபோல எழுந்து போனேன். நீ ஒரு பெயர் யோசித்து வை. வைப்போம்.

ஆனால் இனிமேல் அவளிடமிருந்து எதையும் வாங்காதே, அஸ்வினி. அவளிடம் கொடுக்க ஒன்றும் இல்லை, பாவம். மேலிருந்து வந்து இறங்கியதுதான் அவளிடம் இருக்கிறது. அதை அவள் தெரிந்து கொடுக்கவில்லை, நீயும் தெரிந்து தின்னவில்லை. அவளை மறந்துவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நான் மறக்கவில்லை.

டப்பாவைப் பாப்பாத்தி அக்காவிடமே கொடுத்துவிடு. குப்பையில் போடாதே, கோழி கிளறும், குழந்தைகள் எடுக்கும். நானே வாங்கி என்ன செய்ய வேண்டுமோ செய்கிறேன்.

உள்ளே இருப்பவன் யாராக இருந்தாலும், அவனோ அவளோ, கத்திக்கொண்டே பிறக்கட்டும். ஊரே எழுந்து உட்காரும்படி கத்தட்டும். மாரியம்மா துணை இருக்கட்டும். படித்து முடித்துவிட்டாயா? எழுந்திரு. அழுவதைப் பிறகு அழலாம். முதலில் போய் வாய் கொப்பளித்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் ரெண்டு பிள்ளைகளுக்கும் அப்பா,
ஜெயசீலன்